நூறு டன் பீரங்கியைக் கெட்டித்தது யார்?

கோயில் திருவிழாக்களில் அதிர்வேட்டுப் போடுவோரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரும்புக் குழாயில் முதலில் வெடிமருந்தைப் போடுவார்கள். அதன் மேல் செங்கல் தூளை இட்டு, கோலால் இடித்துக் கெட்டிப்பார்கள். பிறகுதான் திரியில் நெருப்பு வைப்பார்கள்.

பழங்காலப் பீரங்கி வீரர்களும் ஏறத்தாழ இதே முறையைத்தான் பின்பற்றினார்கள். குழலின் வாய் வழியாக முதலில் மருந்துப் பை உள்ளே போகும். அதன் பின் குண்டு போகும். நீண்ட கோலால் இரண்டையும் அடிவரை தள்ளிக் கெட்டிப்பார்கள். குண்டின் எடை பத்துப் பதினைந்து கிலோகிராமாக இருந்தவரை இந்த வேலைக்கு இரண்டு மூன்று பேரின் தோள் வலிமையே போதுமானதாக இருந்தது.

இனி ஒரு கேள்வி. குண்டு ஒன்றின் எடை 907 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது, நூறு கிலோ அரிசி மூட்டைகள் ஒன்பதைச் சேர்த்துக் கட்டியது போன்ற எடை. அதற்கு வேண்டிய வெடிமருந்து 204 கிலோகிராம். பீரங்கிக் குழலின் நீளம் ஏறத்தாழ 10 மீட்டர். குழலின் எடை மட்டும் 100 டன்னுக்கு மேல். இந்தப் பீரங்கியை யார் கெட்டிப்பது? எப்படித் திருப்புவது?

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. மத்தியதரைக் கடலின் நடுவிலுள்ள மால்ட்டாத் தீவில், ரினெல்லா என்ற கடற்கரைப் பீரங்கி மேடையில், இப்படிப்பட்ட பீரங்கி ஒன்றை இன்றும் காணலாம். கடலில் செல்லும் போர்க்கப்பலுக்காக வடிவமைக்கப்பட்ட அந்தப் பீரங்கி எப்படிக் கரைக்கு வந்தது, அதை எப்படி இயக்கினார்கள் என்பதை இப்போது பார்ப்போம்.

ஒரு தொழிற்சாலை, இரு வாடிக்கையாளர்

1869ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதன் பிறகு இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. ஜிப்ரால்ட்டர், மால்ட்டா, சூயஸ் என்று நேர்வழி பிறந்தது. அப்போது பிரிட்டனின் ஆட்சியிலிருந்த மால்ட்டா இந்த வழியில் மிக முக்கியமான துறைமுகமாக விளங்கியது.

அதே காலத்தில் இத்தாலி, ‘டுயிலியோ’, ‘டாண்டோலோ’ என்ற இரண்டு போர்க்கப்பல்களைக் கட்டிக்கொண்டிருந்தது. டுயிலியோவின் பக்கங்களில் 55 சென்டிமீட்டர் கனமுள்ள எஃகுக் கவசம் இருந்தது. ஒவ்வொரு கப்பலிலும் நான்கு பீரங்கிகள். ஒவ்வொன்றும் 100 டன். அவற்றைச் செய்து கொடுத்தவர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துத் தொழிலதிபரான வில்லியம் ஆம்ஸ்ட்ராங்.

அந்தக் கப்பல்கள் மால்ட்டாவுக்கு எதிரே வந்து நின்றால் என்ன செய்வது என்ற கவலை பிரிட்டனுக்கு வந்தது. அந்தக் கவசத்தைத் துளைக்கக்கூடிய பீரங்கி மால்ட்டாவில் இல்லை. ஆகவே பிரிட்டிஷ் அரசும் அதே ஆம்ஸ்ட்ராங்கிடம் சென்று, அதே 100 டன் பீரங்கிகளில் நான்கை வாங்கியது. இரண்டு மால்ட்டாவுக்கு, இரண்டு ஜிப்ரால்ட்டருக்கு. பகைவராகலாம் என்று ஒருவரையொருவர் அஞ்சிய இரு நாடுகளுக்கும் ஒரே தொழிற்சாலை பீரங்கி விற்றது!

ரினெல்லாவின் பீரங்கி 1882ஆம் ஆண்டு செப்டம்பரில் கப்பலில் மால்ட்டா வந்து சேர்ந்தது. துறைமுகத்திலிருந்து மேடைக்கு அதைக் கொண்டுபோய் ஏற்றி வைக்க வீரர்கள் மாதக்கணக்கில் பாடுபட்டார்கள். 1884இன் தொடக்கத்தில்தான் அது பணிக்கு ஆயத்தமாயிற்று.

வண்டிப் பட்டையும் பீரங்கிக் குழலும்

குழலின் உள் விட்டம் 45 சென்டிமீட்டர். உள்ளே எரியும் 204 கிலோ மருந்தின் அழுத்தத்தைத் தாங்க, அதை எப்படிச் செய்தார்கள்?

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதை நினைத்துப் பாருங்கள். பட்டையைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகச் செய்வார்கள். அதை நெருப்பில் காய்ச்சினால் விரியும். விரிந்த நிலையில் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். பீரங்கியிலும் இதே முறைதான். உள்ளே ஓர் எஃகுக் குழல். அதன் மேல் காய்ச்சி மாட்டிய தேனிரும்பு உறைகள், ஒன்றன் மேல் ஒன்றாக. அவை குளிர்ந்து சுருங்கி உட்குழலை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். மருந்து வெடித்து உள்ளிருந்து வெளியே தள்ளும்போது, வெளியிலிருந்து உள்ளே அழுத்தும் இந்த இறுக்கம் குழலைக் காப்பாற்றுகிறது.

மருந்திலும் ஒரு நுட்பம் உண்டு. பொடியாக இருக்கும் மருந்து ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். அழுத்தம் திடீரென்று உயர்ந்து குழலையே பிளந்துவிடும். எனவே மருந்தை அழுத்தி, அறுகோண வடிவக் கட்டிகளாகச் செய்தார்கள். ஒவ்வொரு கட்டியின் நடுவிலும் ஒரு துளை. கட்டி வெளிப்புறமாக எரியும்போது அதன் வெளிப்பரப்பு குறைந்துகொண்டே வரும். ஆனால் துளையின் உட்பரப்போ எரிய எரிய விரிந்துகொண்டே போகும். இதனால் வாயு சீராகப் பிறந்து, குண்டைக் குழலின் நீளம் முழுவதும் தள்ளிக்கொண்டே போகும்.

குண்டு வாயை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 470 மீட்டர். அதன் இயக்க ஆற்றலை நீங்களே கணக்கிடலாம். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். ஏறத்தாழ பத்துக் கோடி ஜூல் கிடைக்கும். இந்த ஆற்றலைக் கொண்டு அந்த நூறு டன் பீரங்கியையே நூறு மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம்!

தண்ணீரின் தோள் வலிமை

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம். இந்தப் பீரங்கியைக் கெட்டித்தது யார்? விடை மிக எளியது: தண்ணீர்.

பாஸ்கல் விதியை வகுப்பில் படித்திருப்பீர்கள். அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய பிஸ்டன் ஒன்றையும், 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய பிஸ்டன் ஒன்றையும் தண்ணீர்க் குழாயால் இணைப்பதாகக் கொள்ளுங்கள். பெரியதன் பரப்பு சிறியதைப் போல 25 மடங்கு. சிறியதை 1 டன் விசையுடன் அழுத்தினால் பெரியது 25 டன்னைத் தூக்கும். ஆனால் இலவசமாக ஒன்றும் கிடைப்பதில்லை. பெரிய பிஸ்டன் 1 சென்டிமீட்டர் உயரச் சிறிய பிஸ்டன் 25 சென்டிமீட்டர் இறங்க வேண்டும்.

ஆம்ஸ்ட்ராங் முதலில் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். பீரங்கிகளுக்கு முன்பே, தண்ணீரின் அழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கிகளை அமைத்துப் பெயர் பெற்றார். அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு அழுத்தச் சேமிப்பான். ஊரில் மேல்நிலை நீர்த்தொட்டியைக் கண்டிருப்பீர்கள். சிறிய பம்பு ஒன்று பல மணி நேரம் ஓடித் தொட்டியை நிரப்புகிறது. காலையில் எல்லா வீட்டாரும் ஒரே சமயத்தில் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் கிடைக்கிறது. சேமிப்பானும் அப்படிப்பட்டதே. ஆனால் உயரமான தொட்டிக்குப் பதிலாக, நிமிர்ந்து நிற்கும் உருளை ஒன்றும், அதன் பிஸ்டன் மேல் பெரும் பாரமும் இருக்கும். நீராவிப் பொறி தண்ணீரை உருளைக்குள் தள்ளத் தள்ள, பாரம் மெல்ல மேலே ஏறும். வால்வைத் திறந்தால் பாரம் இறங்கித் தண்ணீரை மிகுந்த அழுத்தத்துடன் வெளியே தள்ளும்.

ரினெல்லாவில் நிலத்தடியில் கொதிகலன், நீராவிப் பொறி, சேமிப்பான் ஆகிய எல்லாம் இருந்தன. பீரங்கியைத் திருப்பியது தண்ணீர். அதன் வாயை உயர்த்தியதும் தாழ்த்தியதும் தண்ணீர். நிலவறையிலிருந்து குண்டை மேலே ஏற்றியதும், குழலுக்குள் தள்ளிக் கெட்டித்ததும் தண்ணீர்தான். பொறி பழுதானால் பலர் சேர்ந்து இயக்கக் கைப் பம்பும் வைத்திருந்தார்கள்.

ஆயினும் ஒரு குறை. அணைந்து கிடக்கும் கொதிகலனைச் சூடேற்றி, போதிய நீராவியை உண்டாக்க மணிக்கணக்கில் ஆகும். பகைவர் முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டா வருவார்?

ஒரு குண்டு, ஆறு நிமிடம்

பீரங்கியை இயக்க 35 பேர் தேவைப்பட்டார்கள். நீங்களும் அவர்களுள் ஒருவராக நின்று பாருங்கள்.

நிலவறையில் உங்களுக்கு முதல் பாடம்: நெருப்பை மருந்தருகே கொண்டு வராதே. மருந்தறையில் விளக்கே கிடையாது. பக்கத்து வழியில் விளக்கை வைத்து, தடித்த கண்ணாடிச் சன்னல் வழியாக ஒளியை மட்டும் உள்ளே விடுவார்கள். அறைக்குள் நுழையுமுன் ஆணி அடித்த பூட்சைக் கழற்றிவிட்டு, உலோகம் இல்லாத உடையும் செருப்பும் அணிய வேண்டும். ஒரே ஒரு தீப்பொறி போதும் அல்லவா?

மேலே, பீரங்கியின் இடப்புறமும் வலப்புறமும் கவசமிட்ட கெட்டிப்பு அறைகள் இரண்டு இருக்கின்றன. சுட்டு முடிந்ததும் பீரங்கி ஒரு பக்கமாகத் திரும்புகிறது. அதன் வாய் தாழ்ந்து, அறையின் துளைக்கு நேராக வந்து நிற்கிறது. முதலில் உள்ளே பாய்வது மருந்து அன்று, தண்ணீர்! முந்தைய வெடியின் கனல் ஏதேனும் குழலுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தால், புது மருந்து உள்ளே போகும்போதே பற்றிக்கொள்ளும். ஆகவே குழலைக் கழுவாமல் கெட்டிக்கக் கூடாது. அடுத்து மருந்து, அதன் பின் குண்டு. தண்ணீரால் இயங்கும் தள்ளுகோல் அவற்றை அடிவரை கொண்டுபோய் வைக்கிறது. பீரங்கி மறுபடியும் கடலை நோக்கித் திரும்புகிறது. அதற்குள் எதிர்ப்பக்கத்து அறையில் அடுத்த குண்டு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும். இவ்வளவு ஏற்பாடு இருந்தும், ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு நிமிடம் பிடித்தது.

ஆறு நிமிடம் என்பது அதிகமா, குறைவா? மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் ஆறு நிமிடத்தில் ஒன்றரைக் கடல் மைல், அதாவது ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர், கடந்துவிடும். ஆறு கிலோமீட்டர் தொலைவில் தென்படும் கப்பல் கரையை நெருங்குவதற்குள் இரண்டு மூன்று முறைக்கு மேல் சுட முடியாது. ஒவ்வொன்றும் தவறாமல் பட வேண்டும்.

தூரத்தை அறிவது எப்படி? முக்கோணவியல் இங்கே கைகொடுக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டர் உயரத்தில் நீங்கள் நிற்பதாகக் கொள்ளுங்கள். கப்பலின் நீர்மட்டத்தைப் பார்க்க, தொலைநோக்கியைக் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு கோணம் தாழ்த்துகிறீர்கள் என்று அளந்தால் போதும். அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் நூறில் ஒரு பங்கு என்றால், கப்பல் 60 மீட்டரின் நூறு மடங்கில், அதாவது 6 கிலோமீட்டரில் இருக்கிறது. பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி வாட்கின் என்பவர் இந்தத் தத்துவத்தில் ஒரு தொலைவுமானியை உருவாக்கினார்.

இன்னும் ஒரு சிக்கல். அந்தத் தூரத்தைக் கடக்கக் குண்டுக்குப் பன்னிரண்டு வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் கப்பல் சுமார் 100 மீட்டர், அதாவது ஏறக்குறைய தன் முழு நீளம், முன்னே போய்விடும். இப்போது தெரியும் கப்பலை அல்லாமல், இனி அது வந்து நிற்கப்போகும் இடத்தைக் குறி வைக்க வேண்டும்.

பின்னுதைப்பை விழுங்கும் நீர்

‘சுடு!’ என்ற கட்டளை பிறக்கிறது. குண்டு முன்னே பாய்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி பீரங்கி பின்னே பாய வேண்டும். குண்டின் உந்தத்தைப் பீரங்கியின் நிறையால் வகுத்துப் பாருங்கள். வினாடிக்கு 4 மீட்டருக்கு மேல் வரும். மிதிவண்டியின் வேகந்தான், ஆனால் மிதிவண்டியின் எடை நூறு டன்! அதை ஒன்றரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்த வேண்டுமானால், அறுபது டன் எடைக்குச் சமமான விசை வேண்டும்.

அந்த விசையைத் தந்ததும் தண்ணீரே. பீரங்கி பின்னே சறுக்கும்போது, அதனோடு இணைந்த பிஸ்டன் உருளையிலுள்ள நீரைக் குறுகிய துளைகள் வழியாகப் பிதுக்கித் தள்ளுகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் பாதி மூடிக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கை எளிதில் முன்னேறாது. அவ்வாறே பீரங்கியின் வேகமும் உராய்வில் வெப்பமாக மாறி அடங்கிவிடுகிறது.

கைக்குத் தெரிந்தது, பொறிக்குத் தெரியவில்லை

தண்ணீர் எல்லா வேலையையும் செய்தது. ஆனால் ஒன்றை மட்டும் அது செய்யவில்லை. அதைப் புரிந்துகொள்ள, ரினெல்லா மேடை ஆயத்தமாவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கப்பலில் நேர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

1879ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள். துருக்கியை ஒட்டிய மார்மரா கடலில் ‘தண்டரர்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் பீரங்கிப் பயிற்சியில் ஈடுபட்டிருந்தது. அதன் முன் கோபுரத்தில் 38 டன் எடையுள்ள, வாய் வழியே கெட்டிக்கும் பீரங்கிகள் இரண்டு. தண்ணீர் அழுத்தத்தால் கெட்டிக்கும் புதிய ஏற்பாடும் அங்கே இருந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் சுட்டார்கள். ஒன்று வெடித்தது, மற்றொன்று வெடிக்கவில்லை. வெடித்த பீரங்கியின் பேரொலியிலும் புகையிலும் இதை எவரும் கவனிக்கவில்லை. இரண்டும் சுட்டுவிட்டன என்று எண்ணி, மறுபடியும் இரண்டையும் கெட்டித்தார்கள். ஒரு குழலுக்குள் இப்போது இரண்டு மடங்கு மருந்து, இரண்டு குண்டு! அடுத்த முறை சுட்டபோது அந்தப் பீரங்கி வெடித்துச் சிதறியது. 11 பேர் இறந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

இரட்டைக் கெட்டிப்புத்தான் காரணம் என்று விசாரணைக் குழு கூறியதை எல்லோரும் ஏற்கவில்லை. எனவே அதே கப்பலின் மற்றொரு பீரங்கியை இங்கிலாந்திலுள்ள ஊல்விச்சுக்குக் கொண்டுபோனார்கள். 1880ஆம் ஆண்டில் அதில் வேண்டுமென்றே இரட்டைக் கெட்டிப்புச் செய்து, பாதுகாப்பான இடத்திலிருந்து சுட்டார்கள். அதுவும் அதே போல வெடித்தது. சொல்லால் தீராத வழக்கைச் சோதனை தீர்த்து வைத்தது.

கையால் கெட்டிக்கும் காலத்தில் இந்தத் தவறு எளிதில் நேர்ந்திருக்காது. கோல் வழக்கமான ஆழத்துக்குப் போகவில்லை என்றால், அதைப் பிடித்திருக்கும் வீரனின் கைக்கே தெரிந்துவிடும். பொறிக்கு அந்த உணர்ச்சி இல்லை. தள்ளு என்றால் தள்ளும். நிறைய வலிமை கொடுத்தோம். கூடவே அறியும் வழியையும் கொடுக்க மறந்தோம். அதன் விலை பதினோர் உயிர்.

இந்த விபத்துக்குப் பின் வாய் வழியே கெட்டிக்கும் முறையின் மேல் நம்பிக்கை குறைந்தது. பின்புறம் திறந்து கெட்டிக்கும் பீரங்கியில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. கதவைத் திறந்தால் குழல் காலியா என்று கண்ணால் பார்க்கலாம். உண்மையில் ஆம்ஸ்ட்ராங் பல ஆண்டுகளுக்கு முன்பே அப்படிப்பட்ட பீரங்கிகளைச் செய்திருந்தார். ஆனால் 1863இல் ஜப்பானின் ககோஷிமாவில் நடந்த சண்டையில் அவை பழுதுபட்டு விபத்துகளை உண்டாக்கியதால் பிரிட்டன் அவற்றைக் கைவிட்டது. பின்புறக் கதவை உறுதியாக மூடும் வழிகள் பிற்பாடு தேறியதும், 1880களில் அது மீண்டும் அந்த முறைக்கே திரும்பியது. மெதுவாக எரியும் மருந்துக்கு நீண்ட குழல் தேவை. நீண்ட குழலை வாய் வழியே கெட்டிப்பது கடினம். இதுவும் ஒரு காரணமாயிற்று.

சுடாத பீரங்கி

ஆக, ரினெல்லாவின் பீரங்கி மேடையில் ஏறி நின்றபோதே அதன் காலம் முடிந்துகொண்டிருந்தது எனலாம். 1884இல் பிரான்சில் பால் வியேய் என்ற வேதியியலார் புகை தராத வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். அதைவிடச் சிறிய, விரைவாகச் சுடும் பீரங்கிகள் வந்தன. 1906ஆம் ஆண்டில் ரினெல்லாவின் பீரங்கிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பயிற்சிக்காகச் சுட்டதைத் தவிர, ஒரு பகைக் கப்பலை நோக்கியும் அது சுட்டதில்லை. எந்த இத்தாலியக் கப்பல்களுக்கு அஞ்சி அதை வாங்கினார்களோ, அவையும் மால்ட்டாவைத் தாக்க வரவில்லை. நூறு டன் பீரங்கிகளில் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே. ஒன்று மால்ட்டாவில், மற்றொன்று ஜிப்ரால்ட்டரில். இரண்டும் இப்போது காட்சிப் பொருள்கள்.

ஆனால் அதைக் கெட்டித்த தண்ணீருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1894இல் திறக்கப்பட்ட லண்டன் டவர் பாலத்தின் பெரும் தட்டுகளை உயர்த்தியது ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் அமைத்த நீரழுத்தப் பொறிகளே. மோட்டார் வண்டியின் பிரேக்கிலும், மண் அள்ளும் இயந்திரத்தின் கையிலும் இன்று அதே பாஸ்கல் விதிதான் வேலை செய்கிறது. தண்ணீருக்குப் பதில் எண்ணெய், அவ்வளவே.

தண்டரரின் பாடமும் மறையவில்லை. விசையை அழுத்தினால் எரியும் சிறு விளக்கு, கதவு சரியாக மூடாவிட்டால் ஓட மறுக்கும் பொறி, இவற்றை நீங்கள் பல இடங்களில் கண்டிருப்பீர்கள். ‘நான் இப்போது இந்த நிலையில் இருக்கிறேன்’ என்று இயந்திரம் மனிதனுக்குச் சொல்லும் மொழி அது. நாளை உங்களுள் சிலர் பொறியாளர்களாகி இயந்திரங்களை வடிவமைப்பீர்கள். அது எவ்வளவு பாரம் தூக்கும் என்று கணக்குப் போட்டு முடித்ததும், தவறு நேர்ந்தால் அதை இயக்குபவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு விடை கண்ட பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.